வானத்திலிருந்து விழுவது விதியன்று

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்கென்று ஒருவர் ஒதுக்கிவைத்த பொருளில் நடக்கும் பேச்சு, கேட்பவர்களின் வாழ்க்கைக்கு ஏதேனும் ஒரு வகையில் பயன்பட வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் இந்த ஆண்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன். விண்ணுக்கு மனிதன் அனுப்பியவை திரும்ப மண்ணில் விழுவது பற்றியும், அதில் நம்மைப் போன்ற நாடுகள் எங்கே நிற்கின்றன என்பது பற்றியும் பேசப்போகிறேன்.

சரவாக் வானில் நடந்தது

2022 ஜூலை 31. நள்ளிரவு கடந்து ஒரு மணியை நெருங்கும் நேரம். மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கில் விழித்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கைப்பேசியை எடுத்தார்கள். ஆரஞ்சும் நீலமுமாக எரியும் பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தன. எரிகல் மழை என்று பலர் நினைத்தார்கள். எரிகல் ஒரு நொடியில், இரண்டு நொடியில் மறைந்துவிடும். இது அப்படி மறையவில்லை. நின்று நிதானமாகப் படம்பிடிக்கும் அளவுக்கு நீடித்தது. அந்த நிதானமே அது இயற்கையானதன்று என்பதற்கு முதல் அடையாளம்.

ஏழு நாளைக்கு முன், ஜூலை 24 அன்று, சீனாவின் ஹைனான் தீவிலுள்ள வென்சாங் ஏவுதளத்திலிருந்து லாங் மார்ச் 5பி என்ற ராக்கெட் புறப்பட்டது. சீன விண்வெளி நிலையத்துக்கு வென்தியன் என்னும் ஆய்வுக்கூடத்தை அது கொண்டுசென்றது. வேலை முடிந்ததும், 20 டன்னுக்கு மேல் எடையும் 30 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட அதன் நடு அடுக்கு ஓட்டுவாரின்றிப் பூமியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் சற்றே இறங்கி, கடைசியில் நம் நாட்டு வானத்தில் எரிந்தது.

அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம், நம் நேரப்படி 12.45 அளவில் அது இந்தியப் பெருங்கடலுக்கு மேல் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தது என்று அறிவித்தது. சீன விண்வெளி அலுவலகம், 12.55க்கு பிலிப்பைன்ஸை ஒட்டிய சூலு கடல் பகுதி என்று அறிவித்தது. இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே இருப்பது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சரவாக் இருந்தது. மக்கள் வாழும் வீடுகளும், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட வீடுகளும் செம்பனைத் தோட்டங்களும் இருந்தன. பின்னர் சரவாக்கின் வடபகுதியில் பாதூ நியா வட்டாரத்திலும், எல்லைக்கு அப்பால் மேற்குக் கலிமந்தானின் சங்காவ் பகுதியிலும் உலோகத் துண்டுகள் கிடைத்தன. எவருக்கும் காயமில்லை. மலேசிய விண்வெளி நிறுவனமான மைசா, எரிந்த துண்டுகள் சரவாக் வான்வெளியைக் கடந்ததை உறுதிசெய்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் யாருடைய திட்டமும் அன்று. துண்டுகள் விழுந்த இடத்தில் அந்த நேரம் ஆள் இல்லை, அவ்வளவுதான். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே இருக்கும்.

ஏன் முழுவதும் எரிந்துவிடுவதில்லை

பூமியைத் தாழ்வாகச் சுற்றும் ஒரு பொருள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு என்று சொன்னால் ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். காற்று மண்டலத்தில் அது இறங்கும்போது, முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிப்போக நேரமில்லை. நசுங்குகிறது, கொதிக்கிறது. அந்த வெப்பம்தான் பொருளைத் தின்கிறது. தரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில் பெரும்பாலும் அது உடைந்து சிதறும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆனால் எரிபொருள் கலன்கள் பலவும் டைட்டானியத்தால் ஆனவை. அது உருக 1,668 டிகிரி வேண்டும். எஃகு வளையங்கள், இயந்திரத்தின் எரியறை, கார்பன் இழை சுற்றிய அழுத்தக் கலன்கள் ஆகியவையும் தாக்குப்பிடிக்கும். பெரிய பொருளாக இருந்தால் அதன் எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை தரையைத் தொடலாம் என்பது இத்துறையினர் பல காலமாகப் பயன்படுத்தும் கணக்கு.

2016 செப்டம்பரில் இந்தோனேசியாவின் மதுரா தீவை அடுத்த கிலி ராஜாவில் விழுந்தது அத்தகைய ஓர் அழுத்தக் கலன்தான். ஒன்றரை மீட்டர் நீளம். உள்ளே உலோகம், வெளியே நெருக்கமாகச் சுற்றிய கருப்பு இழை. பிசின் எரிந்துபோனதால் இழைகள் அவிழ்ந்து, அறுந்த கயிற்று முனைபோலக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அது ஃபால்கன் 9 ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது என்று இந்தோனேசியாவின் அன்றைய விண்வெளி ஆய்வு நிறுவனமான லாப்பான் கண்டறிந்தது.

இந்தியாவில், 2022 ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி என்ற சிற்றூரில் ஆள் உயரத்தைவிட அகலமான ஓர் உலோக வளையம் விழுந்தது. அது சீன லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கிலிருந்து வந்ததாகவே வல்லுநர்கள் கருதுகிறார்கள்.

சிறிய துண்டும் சாதாரணமன்று. 2024 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையையும் இரண்டு தளங்களையும் ஓர் உலோக உருளை துளைத்தது. நீளம் 10 சென்டிமீட்டர், தடிப்பு 4 சென்டிமீட்டர், எடை 700 கிராம். அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து 2021-இல் கழற்றிவிடப்பட்ட பழைய பேட்டரித் தொகுப்பின் தாங்கி அது. முழுவதும் எரிந்துபோகும் என்று நாசா கணித்திருந்தது. உலகத்திலேயே மிகுந்த வசதி படைத்த விண்வெளி நிறுவனத்தின் கணக்கே தவறும் என்றால், கணக்கே போடாமல் விட்டுவிடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

எங்கே விழும் என்று ஏன் சொல்ல முடிவதில்லை

மாணவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது: நிலவில் குறிப்பிட்ட இடத்தில் கலத்தை இறக்கத் தெரிந்தவர்களுக்கு, ராக்கெட் எங்கே விழும் என்று சொல்லத் தெரியாதா?

சில வேளைகளில் துல்லியமாகச் சொல்ல முடியும். 2015 நவம்பர் 13 அன்று இலங்கையின் தென்கடலில் அப்படி நடந்தது. டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயரிடப்பட்ட, மனிதர் செய்த ஒரு பொருள், நிலவையும் தாண்டிச் செல்லும் நீண்ட பாதையிலிருந்து பூமியை நோக்கி வந்தது. அமெரிக்காவின் கட்டலினா வான் ஆய்வுக் குழு அதை அக்டோபர் தொடக்கத்தில் கண்டது. இலங்கை நேரப்படி காலை 11.48க்கு, தென்கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு மேல் எரியும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். அறிவியலாளர்கள் விமானத்தில் காத்திருந்து படமெடுத்தார்கள். தொலைவிலிருந்து நேரே வந்து இடிக்கும் பொருளைக் காற்று அலைக்கழிப்பதில்லை. அதனால்தான் கணக்கு நிமிடத்துக்குப் பொருந்தியது.

தாழ்வாகச் சுற்றும் பொருளின் கதை வேறு. நாள்கணக்கில் அது மெல்லிய காற்றை உரசியபடியே இறங்குகிறது. அந்தக் காற்றோ ஒரே சீராக இருப்பதில்லை. சூரியன் சீறினால் மேல்மண்டலம் சூடேறி உப்பும், உராய்வு கூடும், பொருள் முன்னதாகவே விழும். 2022 பிப்ரவரியில் அப்படியொரு சூரியப் புயல், புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை கீழே இழுத்துவிட்டது. அந்தப் பொருள் உருண்டு புரள்கிறதா, நேராகச் செல்கிறதா என்பதும் தெரியாது. ஆகவே மீதமிருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முன்பின் ஆகலாம் என்று கொள்கிறார்கள். ஐந்து மணி நேரம் இருக்கையில் கணித்தால் ஒரு மணி நேரம் முன்னேயும் இருக்கலாம், பின்னேயும் இருக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் அது பூமியில் பாதிக்கு மேல் சுற்றிவிடும். ஜார்ஜ் டவுனிலிருந்து கோலாலம்பூருக்கு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர். அந்தத் தொலைவை அது 40 நொடியில் கடக்கும். இங்கிருந்து கூச்சிங் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நிமிடம்கூட ஆகாது. சரவாக்கில் விழுந்ததை சரவாக்காரர்களின் கவலை என்று பினாங்கில் இருக்கும் நாம் ஒதுக்க முடியாது. நமக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது மூன்று நிமிடம்.

2025 மே 10 அன்றும் இந்த நெருக்கத்தைப் பார்த்தோம். 1972 மார்ச்சில் வெள்ளிக்கோளுக்கென்று சோவியத் ஒன்றியம் ஏவிய காஸ்மாஸ் 482, மேல் அடுக்கு சரியாக வேலை செய்யாததால் பூமியைச் சுற்றியே 53 ஆண்டுகள் கழித்தது. வெள்ளியின் கொடும் வெப்பத்தைத் தாங்கச் செய்த கலம் அது. எடை ஏறத்தாழ அரை டன். எரியாமலே தரைக்கு வரக்கூடும் என்று உலகமே கவனித்தது. நம் நேரப்படி பிற்பகல் 2.24க்கு அந்தமானுக்கு மேற்கே காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்று ரஷ்ய விண்வெளி நிறுவனம் அறிவித்தது. அந்தமானுக்கும் ஜகார்த்தாவுக்கும் இடைப்பட்ட கடல் நமக்குப் பக்கத்துக் கடல்.

சுமை யார் தலையில்

இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

மற்ற பெரிய ராக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றின் முதல் அடுக்கு சுற்றுப்பாதையை எட்டுவதே இல்லை; ஏவிய சில நிமிடங்களில் முன்பே ஒதுக்கிய பகுதியில் இறங்கிவிடும். அன்று பறந்த லாங் மார்ச் 5பி-யின் அமைப்பு வேறு. பக்கத்தில் நான்கு துணை ராக்கெட்டுகள், நடுவில் ஒரே பெரிய அடுக்கு. அந்தப் பெரிய அடுக்கே சுமையோடு சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அதன் இயந்திரங்களை மீண்டும் இயக்க முடியாது. இயக்க முடிந்திருந்தால், சற்று எரிபொருளை மிச்சம்பிடித்து, ஆளில்லாத தென் பசிபிக்கில் குறிபார்த்து இறக்கியிருக்கலாம். 2001 மார்ச்சில் ரஷ்யா, 130 டன் எடையுள்ள மீர் விண்வெளி நிலையத்தையே அப்படித்தான் இறக்கியது.

ஆக, செய்ய முடியாத காரியம் அன்று. செய்வதில்லை என்று எடுத்த முடிவு. ஏர் ஈத்தாமில் ரைபிள் ரேஞ்ச் அடுக்ககம்போன்ற உயரமான வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, மேல்மாடியிலிருந்து பொருளை வீசுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. யாரையும் அடிக்க நினைக்கவில்லை என்று வீசியவர் சொன்னால் கீழே நடப்பவர் ஒப்புக்கொள்வாரா? மின்தூக்கி வரை நடக்கும் சிரமத்தை மிச்சப்படுத்தினார். அதற்கான விலையைக் கீழே இருப்பவர் தலையில் வைத்தார்.

சீனாவை மட்டும் குறைசொல்லும் பேச்சாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்கேல் பையர்ஸ், ஆரன் போலி உள்ளிட்டோர் 2022-இல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் சுற்றுப்பாதையிலிருந்து விழுந்த 1,500-க்கும் மேற்பட்ட ராக்கெட் உடல்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் கட்டுப்பாடின்றியே விழுந்தன என்று கணக்கிட்டார்கள். அதில் பல நாடுகளுக்குப் பங்குண்டு. இதே வழக்கம் தொடர்ந்தால் அடுத்த பத்தாண்டில் யாரேனும் ஒருவருக்கேனும் அடிபட ஏறத்தாழ 10 விழுக்காடு வாய்ப்பு என்றார்கள். தனி ஒருவருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. அதனால் நாளை முதல் வானத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. நான் அஞ்சச் சொல்லவில்லை. நியாயம் கேட்கச் சொல்கிறேன்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் நகரங்களின் அட்சரேகைகளில் ராக்கெட் உடல் விழும் வாய்ப்பு, நியூயார்க், பெய்ஜிங், மாஸ்கோ அட்சரேகைகளைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணம் எளிது. தொலைக்காட்சிக்கும் தொலைத்தொடர்புக்குமான செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. அவற்றைக் கொண்டுசெல்லும் ராக்கெட்டுகளின் அடுக்குகளும் நிலநடுக்கோட்டை ஒட்டியே திரிந்து, அங்கேயே விழுகின்றன. ஏவுகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே. விழும் ஆபத்து கூடுதலாக இருப்பது நம் வெப்பமண்டலத்தில். பினாங்கு இருப்பதோ ஐந்தரை பாகை வடக்கில், அந்தப் பட்டைக்கு நட்டநடுவில்.

ஆபத்து தரையில் மட்டுமன்று, வானிலும் உண்டு. 2022 நவம்பர் 4 அன்று இன்னொரு லாங் மார்ச் 5பி விழுந்தபோது, ஸ்பெயின் தன் வான்வெளியில் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மூடியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. கடைசியில் அது விழுந்தது பசிபிக் கடலில். கூச்சிங்கில் எரிந்தபோது வானத்தில் பயணிகள் விமானங்கள் இருந்திருந்தால் யார் முடிவெடுப்பது, எத்தனை நிமிட முன்னறிவிப்பில்? பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து நாள்தோறும் ஏறி இறங்கும் நமக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியன்று.

நம் பங்கும் உண்டு

மற்றவர்களை நோக்கிக் கேட்பவர்கள் முதலில் தம் கணக்கைத் திறந்துவைக்க வேண்டும்.

2009 ஜூலை 14 அன்று மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோள், பசிபிக்கிலுள்ள குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்திலிருந்து ஃபால்கன் 1 ராக்கெட்டில் ஏவப்பட்டது. எடை 180 கிலோ; உயரம் 685 கிலோமீட்டர்; நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை சாய்வான பாதை. மேகம் மூடிய நம் நாட்டை அடிக்கடி படமெடுக்க அந்தப் பாதையைத் தேர்ந்தார்கள். இன்று அது செயலற்றுச் சுற்றுகிறது. அந்தப் பாதையின் விளைவை எண்ணிப்பாருங்கள்: என்றைக்கு அது விழுந்தாலும் நிலநடுக்கோட்டின் இருபுறமும் 9 பாகைக்குள்தான் விழ முடியும். மலேசியா முழுவதும், இலங்கையின் பெரும்பகுதி, தமிழகத்தின் தென்கோடியில் கன்னியாகுமரி ஆகியவை அந்தப் பட்டைக்குள் அடக்கம். சிறிய கலம், பெரும்பாலும் எரிந்துவிடும். ஆனால் நாம் செய்த பொருள் நம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது என்பது உண்மை.

இந்தியாவின் கணக்கு இன்னும் பெரியது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூரியன் பே அருகே கரையொதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காகவே இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் முடிவுசெய்தது. 2022 அக்டோபர் 30 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் ரிசாட்-2 செயற்கைக்கோள் கட்டுப்பாடின்றி ஜகார்த்தாவை ஒட்டிய கடலில் விழுந்தது.

ஆனால் வழிகாட்டும் செயலும் அங்கிருந்தே வந்தது. 2023 மார்ச் 7 அன்று, ஒரு டன் எடையுள்ள மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோளை இஸ்ரோ பசிபிக்கில் குறிபார்த்து இறக்கியது. 2011-இல் ஏவியபோது அப்படி இறக்குவதற்கென்று அது வடிவமைக்கப்படவில்லை. மிச்சமிருந்த எரிபொருளைக் கணக்கிட்டு, படிப்படியாகப் பாதையைத் தாழ்த்தி, கடைசி உந்துதலில் கடலுக்கு அனுப்பினார்கள். 2030-க்குள் குப்பை விடாத பயணங்களே என்ற இலக்கையும் 2024-இல் இஸ்ரோ அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய புதிய ஏவுதளம் நம் இனத்துக்குப் பெருமை. அங்கிருந்து எழும் ஒவ்வொன்றும் இந்த இலக்கைக் காப்பாற்றினால்தான் அந்தப் பெருமை முழுமையாகும்.

சட்டம் என்ன சொல்கிறது

1967-இன் விண்வெளி உடன்படிக்கையும் 1972-இன் பொறுப்பு உடன்படிக்கையும் சேர்ந்து ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கின்றன: விண்பொருள் தரையில் சேதம் விளைவித்தால், ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும், கவனக்குறைவு என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. 1978 ஜனவரியில் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறிய சோவியத் காஸ்மாஸ் 954-க்காகக் கனடா 60 லட்சம் டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சம் பெற்றது. கேட்டதில் பாதி.

இந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சேதம் நடந்த பிறகுதான் அது விழித்தெழுகிறது. சேதம் நடக்காதபடி இறக்கு என்று கட்டாயப்படுத்தும் விதி உலக அளவில் இல்லை. வழிகாட்டு நெறிகள் மட்டுமே உண்டு. பலகோடி கொட்டி ஏவுகிறவர்களுக்கு, இறக்குவதற்கான எரிபொருள் ஒரு செலவு. அந்தச் செலவைத் தவிர்க்க இன்று உலக அளவில் தடையேதும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

முதல் வேலை நாட்டளவிலானது. ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளிக் குழுவில் மலேசியா உறுப்பினர். அந்த அவையின் விண்வெளி அலுவலகத்தையே இருமுறை தலைமையேற்று நடத்தியவர் நம் நாட்டு வானியல் அறிஞர் மஸ்லான் ஒத்மான். ஒரு மலேசியப் பெண்மணி. குரல் கொடுக்கும் தகுதி நமக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை, இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றோடு சேர்ந்து, பெரிய ராக்கெட் அடுக்குகளைக் கட்டுப்படுத்தி இறக்குவதைக் கட்டாயமாக்கு என்று கேட்க வேண்டும். கண்ணிவெடிக்கு எதிராகவும், கடலில் எண்ணெய் கொட்டுவதற்கு எதிராகவும் உலக விதிகள் வந்தது, பாதிக்கப்பட்டோர் கூடிக் கேட்டதனால்.

இரண்டாவது, நம் வீட்டை ஒழுங்குபடுத்துவது. 2022-இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. இனி நம் நாட்டார் ஏவும் எந்தச் செயற்கைக்கோளுக்கும், எப்படி முடித்து வைப்பீர்கள் என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் உரிமம் என்ற நடைமுறை உறுதியாக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது. தோட்டத்திலோ கடற்கரையிலோ கருகிய உலோக உருண்டையோ, இழை தொங்கும் கலனோ, அடையாளம் தெரியாத வளையமோ கிடந்தால் தொடாதீர்கள், முகராதீர்கள், பழைய இரும்புக்காரருக்கு விற்காதீர்கள். உள்ளே ஹைட்ரசீன் என்ற எரிபொருளின் மிச்சம் இருக்கலாம். அது கொடிய நஞ்சு. தள்ளி நின்று, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 999-க்கு அழையுங்கள். அந்தப் பொருள் ஏவிய நாட்டுக்கே சொந்தம். 1968-இன் உடன்படிக்கைப்படி அந்த நாடு கேட்டால் திருப்பித்தர வேண்டும். மீட்கும் செலவும் அந்த நாட்டுடையதே. நம் மீனவ நண்பர்களிடம் இதை எடுத்துச்சொல்லுங்கள். வலையில் முதலில் மாட்டுவது அவர்களுக்குத்தான்.

நான்காவது, மாணவர்களே, உங்களுக்கு. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேல்வளிமண்டலத்திலுள்ள கந்தக அமிலத் துகள்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில் எரிந்த விண்கலங்களின் அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருப்பதைக் காட்டியது. எரிந்துபோனதும் காணாமல் போவதில்லை. எனவே உடையும்போது முழுவதும் கரைந்துபோகும் கலம், கரைந்தாலும் காற்றைக் கெடுக்காத கலப்புலோகம், வெப்பமண்டலக் காற்றை முன்கூட்டிக் கணிக்கும் முறை ஆகியவை எல்லாம் இனிமேல் கண்டறியப்பட வேண்டியவை. 1972 முதல் மின்னணுத் தொழிலில் உலகத்தோடு போட்டியிடும் பாயான் லெப்பாஸ் உங்கள் வாசலில் இருக்கிறது. அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகம் மலைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. இயற்பியலை மதிப்பெண்ணுக்கு மட்டும் படிக்காதீர்கள்.

பெரியோர்களே, விழும் ராக்கெட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் அதை விழவிடுகிறவர்களுக்குத் தெரியும். எரிபொருளை மிச்சப்படுத்துவதா, மனித உயிரைக் காப்பதா என்று ஏவுமுன்னரே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு எடுக்கப்படும் மேசையில் வெப்பமண்டல மக்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. இன்று இங்கிருந்து போகும்போது ஒவ்வொருவரும் இதைப்பற்றி இன்னும் ஒருவரிடமாவது பேசுங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் பேசுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போது கேளுங்கள்.